கோட்டின் தடிமன்

பென்சில் சீவ எனக்குச் சோம்பல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கை நீட்டிக் காசு வாங்கியதில்லை என்று சொல்லியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். லஞ்சம் வாங்குவதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும்; அது என்னிடம் இல்லை. என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் மொட்டைப் பென்சிலால் வரைவது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது நகரத் திட்ட அலுவலகத்தில். நகரம் எந்தப் பக்கம் வளரலாம், எந்தப் பக்கம் வளரக்கூடாது என்று தீர்மானிக்கும் இடம். அப்படித்தான் வாசலில் பலகை சொல்கிறது. உண்மையில் நகரம் எங்களைக் கேட்டு வளர்ந்ததே இல்லை. அது தொப்பை மாதிரி. தன் பாட்டுக்கு வளரும். நாங்கள் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு, கட்டுக்குள் இருக்கிறது என்று அறிக்கை எழுதுவோம்.

வேலை கடினமில்லை. ஒரு பெரிய வரைபடம், சில வண்ணங்கள். குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்கும் வயலுக்கும் பச்சை. கடைசியாக, நீல நிறத்தில் சாய்கோடு போட்ட இடங்கள். அவை தாழ்நிலம். மழை பெய்தால் தண்ணீர் வந்து சில நாள் தங்கிப் போகவேண்டிய இடம். அங்கே வீடு கட்ட அனுமதி கிடையாது. வெயில் காலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடலாம், மழைக் காலத்தில் தண்ணீர் விளையாடும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். "தண்ணிக்கும் ஒரு வீடு வேணும்ல? நம்ம குடுக்கலைன்னா அதுவே ஒரு வீடு பாத்துக்கும்" என்பேன். சிரிப்பார்கள். என் வகுப்புக்கு எப்போதும் கூட்டம் இருக்கும்.

இப்போது பென்சிலுக்கு வருகிறேன். நாங்கள் வரையும் அளவில், நன்றாகச் சீவிய பென்சில் போடும் ஒரு கோடு தரையில் ஒரு சந்து அகலம். மொட்டைப் பென்சில் போட்டால் ஒரு தெருவும், தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளும் அதற்கடியில் போய்விடும். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் இப்படி ஒரு தடித்த கோடு விழுந்தால், கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நிலம் எந்தப் பக்கம் சேரும்? இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது: கோடு போட்டவரைக் கேட்பது. அவர் இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம். இவ்வளவு பெரிய அதிகாரம் அவர் கையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அந்த நேரத்தில் அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

நான் டீதான் குடித்துக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மேலதிகாரி, எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பதால் அவருக்கு அதுவே பெயர், எதிரில் உட்கார்ந்திருந்தார். நகரத்தின் தென்கிழக்கு மூலைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த வரைவாளர் தலையைத் தூக்கி, "சார், இந்தக் கோட்டுக்கு அடியில இருக்கறது மஞ்சளா, நீலமா?" என்று கேட்டாள்.

ஜோக்கின் முக்கியமான இடம். நிறுத்தினால் கெட்டுவிடும். நான் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன். அவள் அதை மஞ்சள் என்று எடுத்துக்கொண்டாள். ஜோக் முடிந்தது, சரிசரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஜோக் என்னவென்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அப்படித்தான் அந்தத் தெரு பிறந்தது.

அந்த வரைவாளருக்கு அலுவலகத்தில் 'ரப்பர்' என்று பெயர். யார் வரைந்ததைப் பார்த்தாலும் எதையாவது அழிக்கச் சொல்வாள் என்பதால் நான் வைத்த பெயர். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நில அளவைக்காரர்கள் கொடுத்த உயரக் கணக்கை அவள் ஒரு நாள் ஒத்துப் பார்த்திருக்கிறாள். கோட்டுக்கு அடியில் இருந்த நிலம் மொத்தமும் பள்ளம். நீலமாக இருந்திருக்க வேண்டும். என் மேசைக்கு வந்து மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. திட்டம் வெளியாகி, மனைகள் விற்று, வீடுகள் எழும்பியிருந்தன. அந்த வீடுகளில் ஒன்று என் அக்காவுடையது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதில் எதுவும் புரியாது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் அரைக்கால் சட்டை. அக்கா சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து முடித்த சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. கோணல் தையல், விட்டுப்போன பித்தான், தொங்குகிற நூல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலரைத் திருப்பிப் பார்ப்பாள். பேருந்தில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரின் முதுகிலிருந்து நூல் எடுப்பாள். அவர் திரும்பி முறைத்தால், "தொங்கிட்டிருந்துதுங்க" என்று எடுத்த நூலையே சாட்சியாகக் காட்டுவாள். அத்தான் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்து அவள் கண்ணில் குறையே படாத பொருள் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது நான். முப்பது வருடம் குறை பார்த்த கண், என்னிடம் வந்தால் மட்டும் சுருங்கிச் சிரிக்கும்.

ஓய்வு பெறும்போது வந்ததை வைத்து அவள் அந்தத் தெருவில் வீடு கட்டினாள். கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, மொட்டைமாடி, வாசலில் மூன்று படி. வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயந்தவள், குடிபோன அன்றைக்கு ஒரு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போய் ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "எதுக்குக்கா இத்தனை?" என்றேன். "இருக்கட்டும்டா. யாரு கேக்கப் போறா?" என்றாள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ரப்பர் வந்து, சார் அது பள்ளம் என்றபோது நான் என்ன செய்ய முடியும்? கோட்டைத் திருத்தினால் அந்தத் தெரு சட்டவிரோதம் ஆகிவிடும். இடிக்கும் வண்டியை அனுப்பவேண்டும். ஆணி அடித்த அந்தச் சுவர்களை, நானே கையெழுத்துப் போட்டு. எல்லோருக்கும் அக்கா இருக்கிறாள். யாராக இருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை.

ரப்பருக்கு மட்டும் ஒன்று செய்தேன். அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கும்படி பரிந்துரைத்தேன், வேறு ஒரு கிளைக்கு. "மிகுந்த கவனம் உடையவர்" என்று எழுதியிருந்தேன். உண்மையைத்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. எங்கள் தொழிலில் மஞ்சள் ஒரு தொற்று. ஒரு மனை மஞ்சள் என்றால் அதை ஒட்டிய மனைக்காரர் மனு போடுவார்: பக்கத்து மனைக்கு அனுமதி உண்டு, எனக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்வி. முடியாது என்று சொல்லவேண்டுமானால் ஏன் என்று சொல்லவேண்டும். ஏன் என்று சொன்னால் முதல் தெருவையும் சொல்லவேண்டும். அதனால் ஒவ்வொரு மனுவையும் சரிசரியிடம் கொண்டுபோனேன். "எத்தனை பேரு இந்த ஊருக்குப் பொழப்பு தேடி வர்றாங்க தெரியுமா? அவங்கள எங்க வைக்கறது, நம்ம தலை மேலயா? சரி சரி, போட்டுக் குடுங்க" என்பார். மழைத் தண்ணீருக்கென்று விட்டிருந்த நிலம் முழுக்கத் தெருக்களாக நிறைந்தது. புதிதாக மனை பார்க்க வருபவர்கள் தயங்கினால் அக்காதான் தைரியம் சொல்வாள். "இந்த எடத்துக்குக் கோடு போட்டதே என் தம்பிதான். தப்பான எடமா இருந்தா என்னை இங்க விடுவானா?"

எதிர்வீட்டு நர்ஸம்மா அப்படித்தான் வந்தார். பெரிய மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் தேய்ந்தவர், நாக்கு மட்டும் தேயாதவர். என்னைப் பார்த்தால், "வாங்க, ஊருக்கே வர்ணம் அடிக்கிறவரே. எங்க வீட்டு கேட்டுக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சிட்டுப் போங்க" என்பார். எனக்குச் சமமாகக் கிண்டல் பேசிய ஒரே ஆள்.

பலமாக மழை பெய்தால் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். குடையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்பேன். தெருத் தண்ணீர் முதல் படியைத் தொடுகிறதா, இரண்டாம் படிக்கு வருகிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது. அக்கா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்: "சின்ன வயசுல இடி இடிச்சா என் மடியில வந்து மொகத்தை ஒளிச்சுக்குவான். இப்ப மழைன்னா எனக்குக் காவலா வந்து நிக்கிறான் பாருங்க." சொல்லிவிட்டு ஈரத் தலையை முந்தானையால் துவட்டிவிடுவாள், இந்த வயதில், எல்லோர் எதிரிலும்.

அக்கம்பக்கத்தில் டீ கொண்டுவந்து தருவார்கள். "பிளான் ஆபீஸ் சாரே மழையில நம்ம தெருவுலதான் நிக்கறாரு. நமக்கென்ன கவலை?" என்பார்கள். நான் சிரிப்பேன், ஏதாவது ஜோக் அடிப்பேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. மழை வந்தால் என்னைப் பார்த்துத்தான் அவர்கள் பயப்படாமல் இருந்தார்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் நான் அங்கே நின்றேன். நான் அங்கே நின்றதால் அது ஆபத்தில்லாத இடம் ஆயிற்று.

இனி நீங்கள் கேட்ட அந்த நாள்.

நாலு நாளாக விடாத மழை. மதியம் கூட்டம் நடந்தது. நகரத்துக்கு மேலே இருக்கும் நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது, மதகுகளைத் திறக்கப் போகிறார்கள், தண்ணீர் மாலைக்குள் நகரத்துக்கு வரும் என்றார்கள். யாரை எல்லாம் வெளியேற்றுவது என்று முடிவு செய்வதற்கு நான் வரைந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நீலச் சாய்கோடு இருந்த இடங்களுக்கெல்லாம் வண்டி போகும், ஒலிபெருக்கி போகும், பள்ளிக்கூடங்களைத் திறந்து வைப்பார்கள். ஏற்பாடு நன்றாகவே இருந்தது. மீட்புப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு இளம்பெண். வரைபடத்தின் முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"சார், தாழ்வான பகுதி இவ்வளவுதானா? வேற எந்தத் தெருவாவது இருக்கா? வண்டி நிறைய இருக்கு, சொன்னீங்கன்னா அனுப்பிடலாம்."

"இவ்வளவுதான்" என்றேன்.

அறையில் சரிசரி இருந்தார், மற்ற துறைக்காரர்கள் இருந்தார்கள். இன்னொரு இடமும் உண்டு என்று சொன்னால், அது ஏன் நீலமாக இல்லை என்பது அடுத்த கேள்வி. அந்த அவசரத்தில் அப்படி ஒரு விவாதத்தைக் கிளப்பி அவர்கள் நேரத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படித்தான் அப்போது நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் முதல் படிக்குக்கூட வரவில்லை. அவளை அங்கிருந்து கிளப்பவேண்டும், ஆனால் காரணம் சொல்லக்கூடாது. என் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் தனி. அதனால் எளிதாக ஒரு பொய் கிடைத்தது.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி வலிக்குது. தனியா இருக்கப் பயமா இருக்கு. ரெண்டு நாள் வந்து இருக்கியா?"

அவள் கையில் இருந்த துணியை அப்படியே போட்டாள். மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று வீடுகளில் ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"என்ன, காவல்காரர் இன்னிக்கு அக்காவையே தூக்கிட்டுப் போறாரு?" என்றார் நர்ஸம்மா. "தண்ணி கிண்ணி வருதா? சொல்லிட்டுப் போங்கப்பா, எனக்கு முட்டி மடக்கி மாடி ஏற அரை நாள் ஆகும்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"உங்க நாக்கைத் தாண்டி தண்ணி உள்ள வந்துடுமா? ஒண்ணும் இல்லம்மா. கதவைச் சாத்திட்டு டிவி பாருங்க."

அவர்களும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவு சாத்தும் சத்தம் தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

என் வீட்டில் அக்கா என்னைப் படுக்க வைத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். போனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் அவள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதனால் வேண்டவே வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸுக்கு அவள் அடித்த போனை யாரும் எடுக்கவில்லை. மழை நாளில் எடுப்பார்களா? "நர்ஸம்மா கை பிடிச்சுப் பாத்தாலே சொல்லிடுவாங்க" என்று முணுமுணுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோயாளி மாதிரி மூச்சை மெதுவாக விட்டேன். எதையும் உருப்படியாகச் செய்யாத நான் அதை மட்டும் மிக நன்றாகச் செய்தேன் போலிருக்கிறது. அப்படியே தூங்கிவிட்டேன்.

போன் மணி அடித்துத்தான் விழித்தேன். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வீட்டில் அக்கா இல்லை.

"எழுந்துட்டியாடா?" அவள் குரல்தான். "எந்திரிக்காத, படு. நான் நம்ம தெருவுக்கு வந்திருக்கேன். நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வரலாம்னு. நீதான் ஆஸ்பத்திரி வேணாம்னு அடம் பிடிக்கிறியே, நான் என்ன பண்றது?"

"அக்கா, அங்க தண்ணி எவ்வளவு இருக்கு?"

"இருக்கு, கணுக்கால் அளவுக்கு. அதை விடு. வலி எப்படி இருக்கு? கொறஞ்சிருக்கா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை நிறுத்தி, ஏன் என்று கேட்டீர்கள். யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

நான் சொல்லவேண்டியது ஒரு வாக்கியம்: எனக்கு வலி இல்லை, தண்ணீர் வருகிறது, மாடிக்கு ஏறு. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மாடி இருந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் வலி இல்லை என்று சொன்னால், பிறகு எதற்கடா பொய் சொன்னாய் என்று கேட்பாள். தண்ணீர் வருகிறது என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். நான் மனதுக்குள் வேகமாக ஒரு கணக்குப் போட்டேன். தண்ணீர் வர இன்னும் நேரம் இருக்கிறது. வலி அதிகம் என்று சொன்னால் பதறிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அக்காவை எனக்குத் தெரியும். என் கோடுகளைப் போலவே அந்தக் கணக்கும் தடிமனாக இருந்தது.

"அதிகமா இருக்குக்கா. சீக்கிரம் வா" என்றேன்.

"வந்துட்டேன்டா. பயப்படாத. கண்ணை மூடிட்டுப் படு. அக்கா வந்துட்டே இருக்கேன்."

அவள் தனியாக ஓடி வந்திருந்தால் தெருமுனையைத் தாண்டியிருப்பாள் என்று சொல்கிறார்கள். வலி அதிகம் என்று கேட்டதால் நர்ஸம்மாவை விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. தேய்ந்த முழங்காலோடு அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் கண்டெடுத்தார்கள். மற்றவர்களைப் பற்றி நீங்கள் என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். வாசித்திருக்கவேண்டியதில்லை. எனக்கு ஒவ்வொருவரையும் தெரியும். யார் வீட்டு டீயில் சர்க்கரை தூக்கல் என்பது வரைக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். நான் சொன்னபடி.

அக்காவின் கைப்பையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே நர்ஸம்மாவின் ரத்த அழுத்தக் கருவி இருந்தது. பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிச்சு. ஒரு பொட்டு ஈரம் இல்லை. தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் கட்டிய கட்டு. கருவி வேலை செய்கிறது. கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் அக்காவுக்காகச் செய்தேன் என்று என் வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதுதான். நேற்று நீங்கள் ரப்பரைக் கூப்பிட்டு விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், ஆனால் பொய்யும் சொல்லமாட்டாள். அதனால் ஒரு திருத்தம். ரப்பர் வந்து சொன்னபோது காலம் கடந்துவிட்டது என்றேனே, அது சரியல்ல. வீடுகள் எழும்பியிருந்தன என்றேனே, அதுவும் சரியல்ல. அப்போது ஒரு செங்கல்கூட அங்கே இல்லை.

திட்டத்தை இறுதி செய்வதற்கு முன், பொதுமக்கள் பார்த்து ஆட்சேபணை சொல்வதற்காக வரைவுப் படத்தைக் கூடத்தில் மாட்டுவது வழக்கம். மாட்டியிருந்தோம். அன்று காலையில்தான் ரப்பர், எல்லோர் முன்னாலும், "சார், அந்தக் கோட்டுக்கு அடியில பள்ளம் சார். இன்னும் வரைவுதானே, அழிச்சுட்டு நீலம் போட்டா முடிஞ்சுது" என்றாள். ஒரு நிமிட வேலை. "உன்னை எதுக்கு ரப்பர்னு கூப்பிடறோம்னு இப்பப் புரியுதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மதியம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு தரகர் காட்டிய மனையின் படத்தைக் கையில் வைத்திருந்தாள். சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நின்று இடத்தைத் தேடி விரலை வைத்தாள். விரல் என் கோட்டின் மேல் இருந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்குடா. ஆனா நேர்ல போய்ப் பாத்தேன், கொஞ்சம் பள்ளமா இருக்கற மாதிரி தெரியுது. நீ வேணாம்னு சொன்னா வேணாம். வேற பாக்கறேன்."

குறை கண்டுபிடிக்கிற கண். ஒரு முறை போய்ப் பார்த்ததிலேயே கண்டுபிடித்திருந்தாள். பக்கத்து மேசையில் ரப்பர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் காலையில் ரப்பர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

"கோடு யாரு போட்டது தெரியுமா?" என்றேன்.

"யாரு, நீயா?"

"பின்ன? தாராளமா வாங்குக்கா."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும் நீங்கள். அலுவலகம் முழுக்கத் திரும்பி, "என் தம்பி" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டாள். போகப் போனவள், என் சட்டைக் கையில் எதையோ பார்த்துவிட்டு நின்றாள். ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து, அதைப் பல்லால் கடித்து எடுத்து, சட்டைக் கையை நீவிவிட்டாள்.

"இப்ப ஒரு குறையும் இல்ல" என்றாள்.